ராயப்பனின் புர்வுவா

7 ஜனவரி 1963, திங்கள்

டைப்ரைட்டருக்கு ரிப்பன் மாற்றினேன். விரலெல்லாம் மை. கோமளம் புளியைக் கொடுத்துத் தேய்க்கச் சொன்னாள். மை போகவில்லை, புளி வாசனை மட்டும் சேர்ந்துகொண்டது.

அந்தக் கையோடு வாசலுக்குப் போனால் செலின் நிற்கிறாள். படகுக்காரர் ராயப்பனின் மகள். அவளை நான் கடைசியாக நன்றாகப் பார்த்தது 1953-ல், அவள் அப்பாவின் வழக்கு நடந்தபோது. கோர்ட்டுத் தாழ்வாரத்தில் அத்தையின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, காவலர்களின் சிவப்புத் தொப்பிகளை வாய் திறந்து பார்த்துக்கொண்டிருப்பாள். இப்போது கல்யாணமாகிவிட்டது. புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, துலோன் துறைமுகத்தில் இருக்கிறான். ஏப்ரல் கடைசியில் கொழும்பில் கப்பல் ஏறி அவனிடம் போகிறாள்.

“அப்பாவுக்குப் பத்து வருஷம் தீர்ப்பு ஆச்சே முசே. வர்ற மார்ச்சு பதினாலோட முடியுது. எப்ப வுடுவீங்கன்னு ஜெயில்ல போயி கேட்டேன். ‘இன்னும் ஆரம்பிக்கவே இல்லியேம்மா’ன்றாங்க.”

சரியாகக் கேட்கவில்லையோ என்று மறுபடி கேட்டேன்.

“ஆமா முசே. பத்து வருஷம் இன்னும் ஆரம்பிக்கலியாம். இத்தினி நாளு உள்ள இருந்தது கணக்குல வராதாம்.”

“அப்ப இவ்வளவு நாளா அங்க விருந்தாளியாவா இருந்தாரு?” என்று உள்ளிருந்து கோமளம் கேட்டாள்.

செலினுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு அழுதாள்.

9 ஜனவரி, புதன்

மாலையில் சந்தியாகுவோடு கடற்கரை நடை. மேத்ர் லெயோன் சந்தியாகு. 1953-ல் ராயப்பனுக்காக வாதாடிய அவொக்கா. நான் நிருபனாகச் சேர்ந்த வருஷம் அவரும் கறுப்பு அங்கி போட்டார். அன்றிலிருந்து இந்தச் சாலையில் வடக்கிலிருந்து தெற்கே நடக்கிறோம். அவர் எப்போதும் கடல் பக்கம். அவருக்கு இடது காது மந்தம். இரைச்சலெல்லாம் அந்தக் காதுக்கு, என் பேச்சு வலது காதுக்கு.

செலின் சொன்னதைச் சொன்னேன். நின்றுவிட்டார்.

“ஜெயில்காரன் பொய் சொல்லலை சிகா,” என்றார். “பழைய பிரெஞ்சுச் சட்டம் அப்படித்தான். தீர்ப்பு உறுதியான நாளிலேருந்துதான் தண்டனை ஓடும். பாரீஸ் பெரிய கோர்ட்டுக்கு மேல்முறையீடு, அதாவது புர்வுவா போட்டவன், ஜெயிச்சா காத்திருந்த காலத்தைக் கழிச்சுக்கலாம். தோத்தா கழிக்க முடியாது. கண்டவனும் பாரீஸ் வரைக்கும் போகக்கூடாதுன்னு வெச்ச விதி.”

“ராயப்பன் தோற்கலையே.”

“ஜெயிக்கவும் இல்லையே. வழக்குக் கட்டு கப்பல்ல போச்சு. மறுவருஷம் நவம்பர்ல பாண்டிச்சேரியே பிரெஞ்சுக்காரன் கையைவிட்டுப் போயிடுச்சு. நான் எழுதி எழுதிப் பார்த்தேன். உங்க ஊர் இப்ப எங்க ஆட்சியில இல்லைன்னு பாரீஸ்லேருந்து ஒரு பதில். தீர்ப்பு பிரெஞ்சுக்காரன் கொடுத்தது, நாங்க எப்படித் தொடறதுன்னு இங்கேருந்து ஒரு பதில். புர்வுவாவைக் கேட்க ஆள் இல்லை. கேட்டு முடிக்காம தீர்ப்பு உறுதியாகாது. உறுதியாகாம பத்து வருஷம் ஆரம்பிக்காது.”

“அப்போ எப்போதான் விடுவாங்க?”

“அதைத்தான் யார்கிட்ட கேட்கிறதுன்னு தெரியலை.”

திரும்பும் வழியில், சரக்கு இறக்கக் கடலுக்குள் நீண்டிருந்த பழைய பாலத்தின் இடத்தில் கொஞ்சம் உட்கார்ந்தோம். 1952 புயலில் பாலம் போய்விட்டது. 1951-ல் அந்தப் பாலத்தின் முனையில்தான் அது நடந்தது. சரக்குப் பெட்டி ஒன்றின் மேல் ராயப்பனுக்கும் சுங்கக் காவலர் ஒருவருக்கும் வாய்த்தகராறு. காவலர் கீழே விழுந்து படகின் விளிம்பில் தலை மோதி இறந்தார். ராயப்பன் தள்ளினார் என்று இரண்டு சாட்சிகள் சொன்னார்கள். காவலர் பின்னால் நகர்ந்தபோது ஈரப்பலகையில் கால் வழுக்கியது என்று ராயப்பன் சொன்னார். அந்தப் பலகை எவ்வளவு வழுக்கும் என்று நீதிபதிகள் போய்ப் பார்ப்பதற்குள் கடல் பாலத்தையே எடுத்துக்கொண்டு போய்விட்டது.

அந்த வழக்கில் சந்தியாகு பேசியது இன்னும் காதில் இருக்கிறது. சிவப்பு அங்கியில் தலைமை நீதிபதி, ஜன்னல்களெல்லாம் திறந்து, வெளியே அலை. சந்தியாகு ஒரு வாக்கியத்தை முடிப்பார், அலை வந்து அடிக்கும், அடுத்ததை ஆரம்பிப்பார். கடலைக் கேட்டுக்கொண்டுதான் நிறுத்தி நிறுத்திப் பேசினார் என்று இன்றும் நினைக்கிறேன். கேட்டால் மறுப்பார்.

14 ஜனவரி

பொங்கல். வெல்லம் நன்றாக இல்லை.

19 ஜனவரி, சனி

சிறைக்குப் போனேன். ராயப்பனுக்கு ஐம்பது இருக்கும். தலை முழுக்க நரைத்துவிட்டது. தோள் மட்டும் துடுப்புப் போட்ட தோளாகவே இருக்கிறது. “முசே சிகாமணியா? அதே கண்ணாடிதானா இன்னும்?” என்றார்.

மதராஸ் ஐகோர்ட்டின் அதிகாரம் போன நவம்பரிலிருந்து இந்த ஊருக்கும் வந்துவிட்டது, அங்கே ஆட்கொணர்வு மனு போடலாம் என்று சந்தியாகு நினைக்கிறார் என்றேன்.

“போட்டா என்னைய கேப்பாங்களா?”

“உங்களை ஏன் இன்னும் வைத்திருக்கிறார்கள் என்று சிறைக்காரரைக் கேட்பார்கள்.”

“அது சரி முசே. நான் தள்ளுனேனா இல்லியான்னு கேப்பாங்களா?”

“அது வேறு. அது பாரீஸில் இருக்கிறது.”

தலையை ஆட்டினார். “என் புருவா,” என்றார், ஏதோ கரையில் கட்டிவைத்த படகைச் சொல்வதுபோல.

ஒப்சியோனுக்கு ஏற்பாடு செய்து தரச் சொன்னார். பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் எழுதிக்கொடுப்பதற்கு ஊரில் அப்படிப் பெயர். பிப்ரவரி 16 கடைசி நாள். “நீங்க எதுக்கு?” என்றேன். “நான் இந்த ஊர் ஆளாயிட்டா பாரீசுக்காரன் என் கட்டைத் தூக்கிக் கடாசிடுவான்ல முசே? அவன் ஆளாவே இருந்தாத்தான் கட்டு நிக்கும்,” என்றார். சட்டம் அப்படி இல்லை என்று தோன்றியது. நிச்சயமாகத் தெரியாததால் காகிதம் வாங்கி வருகிறேன் என்றேன்.

28 ஜனவரி, திங்கள்

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டேன். டாக்டரும் ஒப்சியோன் கொடுத்துவிட்டாராம். இனி பல்வலி வந்தால் மார்செய்யுக்குத்தான் போகவேண்டும் என்று பஞ்சை அடைத்துக்கொண்டே சொல்கிறார். பதில் சொல்ல முடியாத நேரம் பார்த்து.

மதராஸில் போன வாரம் மனு தாக்கலாகிவிட்டது. வக்கீல் கோதண்டம், சின்ன வயது, சுறுசுறுப்பு. அவருக்குப் பிரெஞ்சு தெரியாது, சந்தியாகுவுக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் நடுவில். ஏழெட்டு நீதிபதிகளை அசைத்துப் பார்த்த வாய், கோதண்டத்தின் முன்னால் “எஸ், எஸ்” என்று மட்டும் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ரயிலில் திரும்பும்போது விழுப்புரம் வரை சந்தியாகு பேசவில்லை. விழுப்புரத்தில் காப்பி வாங்கிக் கொடுத்தேன். “சர்க்கரை அதிகம்,” என்றார். சமாதானமாகிவிட்டார் என்று தெரிந்துகொண்டேன்.

5 பிப்ரவரி, செவ்வாய்

அரசுத் தரப்பின் எதிர்மனு வந்தது. அதோடு சிறை ஆவணங்களின் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு. வெளி ஆள் யாரிடமோ கொடுத்துச் செய்திருக்கிறார்கள். மத்தியானம் சந்தியாகு வீட்டில் உட்கார்ந்து வரிவரியாகப் படித்துச் சொன்னேன். மூன்றாம் பக்கத்தில் நின்றேன்.

“கைதியின் கருணை மனு பாரீஸில் நிலுவையில் உள்ளது என்று போட்டிருக்கிறது.”

“கருணை மனுவா? புர்வுவாவையா அப்படிப் போட்டிருக்கான்?”

“ஆமாம்.”

சந்தியாகு எழுந்து அறைக்குள் ஒரு சுற்று நடந்தார். பிறகு மேஜையில் தட்டிச் சிரித்தார். நான் அவரை அப்படிச் சிரித்துப் பார்த்து வருஷங்கள் ஆகின்றன.

“சிகா, புரியுதா உனக்கு? கருணை மனு யார் போடுவான்? தீர்ப்பு உறுதியானவன் போடுவான். அப்போ ராயப்பனுக்குத் தீர்ப்பு அன்னிக்கே உறுதி. பத்து வருஷம் வர்ற மார்ச் பதினாலோட முடியுது. பாரீஸ்ல வழக்கே இல்லை, மதராஸுக்கு அதிகாரம் உண்டா இல்லையாங்கிற கேள்வியே இல்லை. அரசாங்கமே தன் கையால சாவியைப் போட்டுத் திறந்து கொடுத்திருக்கு. நாம ஒண்ணும் செய்ய வேண்டாம், வாயை மூடிட்டு உட்கார்ந்தா போதும்.”

“சொல் தப்பாக இருக்கிறதே.”

“இருக்கட்டுமே. நம்ம தப்பா?”

கறிவேப்பிலை போட்ட மோர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.

9 பிப்ரவரி, சனி

சிறைக்குப் போனேன். ஒப்சியோன் காகிதத்தில் ராயப்பன் கையெழுத்துப் போடுவதைப் பார்க்க. பிரெஞ்சில் பெயர் எழுதக் கற்றுவைத்திருக்கிறார், கடைசி எழுத்தின் வாலை நீட்டி.

மதராஸில் என்ன நிலவரம் என்று கேட்டார். நிலவரத்தைச் சொன்னேன். பேச்சுவாக்கில் அந்தச் சொல்லையும் சொல்லவேண்டி வந்தது.

“கருணைன்னா?”

“மன்னிப்பு.”

“நான் மன்னிப்பா கேட்டேன்?”

“இல்லை. ஆனால் அப்படியே இருந்தால் மார்ச்சில் வெளியே வந்துவிடலாம்.”

கையெழுத்துப் போட்ட பேனாவை மூடி வைத்தார். அப்புறம் குரலே உயராமல் சொன்னார்: “செத்தவரு பொண்டாட்டி கோர்ட்டுல என்னையே பார்த்துக்கினு இருந்திச்சு முசே. அதுகிட்ட நான் தள்ளலம்மான்னு சொன்னேன். இன்னைக்கு மன்னிப்பு கேட்டேன்னு எழுதிக்கினு வெளிய வந்தா, அது என்னா நினைக்கும்? மேத்ருகிட்ட சொல்லுங்க. அந்தச் சொல்லை மாத்தச் சொல்லுங்க.”

“மாற்றினால் பத்து வருஷம் ஆரம்பிக்காமலே போகலாம்.”

“தெரியுது முசே.”

10 பிப்ரவரி, ஞாயிறு

சந்தியாகு பூசை முடிந்து நேராக இங்கே வந்தார். உட்காரவில்லை.

“நீ ஏன் அவன்கிட்ட சொன்னே?”

“கேட்டார்.”

“என்ன கேட்டான்? மொழிபெயர்ப்பு சரியா இருக்குதான்னா கேட்டான்? அவனுக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியுமா? ஒரு மனுஷன் வெளிய வர்றதை விட உனக்கு ஒரு சொல்லு பெரிசாப் போச்சு. இது உன் பத்திரிகை இல்லை சிகா, மறுநாள் திருத்தம் போடறதுக்கு.”

கோமளம் காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவர் குடிக்காமல் போய்விட்டார். ஆறிய பிறகு நான் குடித்தேன்.

13 பிப்ரவரி, புதன்

செலின் வந்தாள். படியேறவில்லை.

“அவரு புடிவாதக்காரரு முசே, எங்க அத்தைய கேளுங்க. படிச்ச நீங்க ஏன் போயி எடுத்துக் குடுத்தீங்க?”

இன்று கடற்கரைக்குப் போகவில்லை. காற்று அதிகம்.

16 பிப்ரவரி, சனி

ஒப்சியோனுக்குக் கடைசி நாள். செய்திக்காகப் போனேன். வரிசை தெருமுனை வரை நின்றது. பிரெஞ்சுக்காரர் காலத்து ஜூலை பதினாலுத் திருவிழா போல ஆளாளுக்குக் கோட்டு. இந்தோசீனாவில் சண்டை போட்ட கிழவர்கள் மார்பில் பதக்கம் குத்திக்கொண்டு வந்திருந்தார்கள். எதிர்ச்சாரியில் அவர்களுடைய சொந்த அண்ணன் தம்பிகளே நின்று வேடிக்கை பார்த்தார்கள். “மாமா, நாளைலேருந்து நீ வெளிநாட்டுக்காரன். எங்க தெருக் குழாய்ல தண்ணி புடிக்க பாஸ்போர்ட் வேணும்,” என்று ஒருவன் கத்த, வரிசையே சிரித்தது.

சந்தியாகு வரிசையில் இருந்தார். துலூஸில் இருக்கும் மகன் போன வருஷமே கூப்பிட்டுவிட்டான். எனக்குத் தெரிந்த விஷயம்தான். என்னைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார். நானும் தலையசைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கோமளம் கேட்டாள்: “நாமளும் ஒரு காகிதம் வாங்கி வெச்சிருந்தீங்களே, அது என்னாச்சு?”

“மேஜையில் இருக்கிறது.”

“மணி அஞ்சாகப் போவுது.”

“தெரியும்.”

கிணற்று உருளைக்கு எண்ணெய் போட்டேன். பத்து நாளாகக் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது.

26 பிப்ரவரி, செவ்வாய். மதராஸ்

ஐகோர்ட். முதல்முறை 1931-ல் ஒரு வழக்குக்காக இங்கே வந்தபோது வழி தெரியாமல் மாடிப்படிகளில் அலைந்தது ஞாபகம் வந்தது. இன்றும் ஒரு தடவை தவறினேன்.

இரண்டு நீதிபதிகள். நான் நிருபர்கள் பெஞ்சில். முன்னால் கோதண்டம், அவருக்குப் பின்னால் சந்தியாகு. சிறையிலிருந்து ராயப்பனையும் கொண்டுவந்திருந்தார்கள்.

மூத்த நீதிபதி மொழிபெயர்ப்பைப் புரட்டினார். “கருணை மனுதானே நிலுவையில் இருக்கிறது? அப்படியானால் தீர்ப்பு 1953-லேயே உறுதியாகிவிட்டது. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?” என்றார். அரசு வக்கீலுக்கு அப்போதுதான் தன் காகிதத்தில் இருப்பது தெரிந்திருக்க வேண்டும். முகம் மாறியது. கோதண்டம் ஆமென்று சொல்லப் பாதி எழுந்துவிட்டார்.

நான் சந்தியாகுவைப் பார்க்கவில்லை. மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சந்தியாகு எழுந்து கோதண்டத்தின் அங்கியைப் பிடித்து உட்காரவைத்தார். “மை லார்ட்,” என்றார். அடுத்த சொல்லைத் தேடினார். “நோ மெர்சி.”

கோர்ட்டே சிரித்துவிட்டது. இளைய நீதிபதி, “யாருக்கு, எங்களுக்கா?” என்று கேட்டார். சந்தியாகுவின் காது சிவந்துவிட்டது. தன் வாழ்நாளில் ஒரு கோர்ட்டிலும் அவரைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. கைகளை விரித்து, பிரெஞ்சில், மெதுவாக, என்னைப் பார்த்துப் பேசினார். நீதிபதி என்னை எழுந்து மொழிபெயர்க்கச் சொன்னார்.

அந்த மொழியில் கருணைக்குத் தனிச் சொல் உண்டு, இது அது இல்லை, இது மேல்முறையீடு என்று சொன்னேன். கைதியின் விருப்பப்படியே இதைத் திருத்துகிறோம் என்று சந்தியாகு சொன்னதையும் சொன்னேன்.

“இதனால் அவருக்கு நஷ்டம் என்று அவருக்குத் தெரியுமா?”

ராயப்பனிடம் தமிழில் கேட்டார்கள். “தெரியும் தொரை. நான் தள்ளல,” என்றார்.

அதன் பிறகு அரசு வக்கீலுக்கு உயிர் வந்தது. தீர்ப்பு இன்னொரு தேசத்தின் கோர்ட்டு கொடுத்தது, அதன்மேல் மேல்முறையீடு இன்னொரு தேசத்தில் இருக்கிறது, கைதியும் இந்த மாதம் அந்த நாட்டுக் குடிமகனாகவே இருக்க எழுதிக்கொடுத்துவிட்டார், எனவே இந்தக் கோர்ட்டுக்கு எந்தப் பக்கத்திலிருந்தும் அதிகாரம் இல்லை என்று அடுக்கினார். கேட்கச் சரியாகவே இருந்தது. சந்தியாகுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து காதோரம் சொல்லிக்கொண்டே வந்தேன், வலது காதில். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மூத்த நீதிபதி கேட்டார்: “இவர் இருக்கும் சிறையின் சாவி பாரீஸிலா இருக்கிறது?”

“இல்லை. பாண்டிச்சேரியில், சூப்பிரண்டிடம்.”

“சூப்பிரண்டு யாருக்குக் கட்டுப்பட்டவர்?”

“நம் அரசுக்கு.”

“அப்படியானால் ஏன் வைத்திருக்கிறீர் என்று அவரைக் கேட்க எங்களுக்கு அதிகாரம் உண்டு. கைதி எந்த நாட்டுக்காரராக இருந்தால் என்ன?”

“அவர் தீர்ப்பைக் காட்டுவார்.”

“காட்டட்டும். தீர்ப்பு பத்து வருஷம் என்கிறது. அதைத் திருத்த எங்களுக்கு அதிகாரம் இல்லை என்கிறீர்கள். பத்தை இருபதாக்க உங்களுக்கு இருக்கிறதா?”

உத்தரவு பின்னால் வரும் என்று எழுந்துவிட்டார்கள்.

படியிறங்கும்போது சந்தியாகு, “நோ மெர்சின்னா அவ்வளவு தப்பா?” என்று கேட்டார். “சொல் சரிதான்,” என்றேன். “பின்ன ஏன் சிரிச்சாங்க?” யோசித்துவிட்டு அவரே சிரித்தார். எழும்பூரில் டிபன் சாப்பிட்டோம்.

செய்தி அனுப்பினேன். கைதி தரப்பில் மொழிபெயர்ப்பு விளக்கப்பட்டது என்று மட்டும் போட்டேன்.

3 மார்ச், ஞாயிறு

கடற்கரை. வடக்கிலிருந்து தெற்கே. துலூஸில் கடல் இல்லையாம்.

8 மார்ச், வெள்ளி

கோதண்டத்தின் தந்தி பதினொன்றரைக்கு வந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்தியாகு வீட்டுக்குப் போய்ப் படித்துச் சொன்னேன். பிறகு செலினிடம்.

மாலையில் முழு விவரமும் தொலைபேசியில் கிடைத்தது. ராயப்பனை வைத்திருப்பவர்மேல் இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. காத்திருந்த காலத்தைக் கழிக்காத விதி, மேல்முறையீட்டில் தோற்றவனுக்கு உரியது, கேட்கப்படாதவனுக்கு அல்ல. எனவே பத்து வருஷமும் தீர்ப்பு நாளிலிருந்தே கணக்கு, மார்ச் 14 அன்று விடவேண்டும். தீர்ப்பு சரியா தவறா என்பதில் இந்தக் கோர்ட்டு தலையிடவில்லை. பாரீஸுக்குப் போன மேல்முறையீட்டை ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை.

நாற்பது வரி கேட்டார்கள். அறுபது அனுப்பினேன்.

14 மார்ச், வியாழன்

எட்டு மணிக்கு விட்டார்கள். செலின், அவள் அத்தை, சந்தியாகு, நான். ராயப்பன் வெளியே வந்ததும் செலினின் தலையைத் தொட்டுப் பார்த்தார், எவ்வளவு உயரம் என்று அளப்பதுபோல. உள்ளே இருந்தபோதும் மாதாமாதம் பார்த்தவர்தான்.

கடற்கரைக்குப் போகவேண்டும் என்றார். போனோம். புதிய பாலத்தைப் பார்த்து, “இது வேற எடத்துல கட்டிக்கிறாங்க,” என்றார். மேலே ஏறச் சொன்னோம், ஏறவில்லை.

“மேத்ரு, என் புருவா என்னாச்சு?”

“அதைத் தொடலைடா. அப்படியே விட்டுட்டாங்க.”

“தொடலைன்னா? உசுரோட இருக்குதுன்னு அர்த்தமா?”

சந்தியாகு என்னைப் பார்த்தார். “செத்துப்போச்சுன்னு யாரும் சொல்லலை,” என்றார்.

“அது போதும்,” என்றார் ராயப்பன்.

2 ஏப்ரல், செவ்வாய்

ராயப்பனும் போகிறார். ஒப்சியோன் இருப்பதால் பாஸ்போர்ட்டுக்குத் தடையில்லை. கான்சல் அலுவலகத்தில் நான்தான் கூட இருந்தேன். மகளோடு குடியேறப் போகிறீர்களா என்று கேட்டார்கள். “இல்ல. கேசு விசயமா போறேன். கேட்டுட்டு வந்துடுவேன்,” என்றார். அதிகாரி என் முகத்தைப் பார்த்தார். மகளோடு வசிக்க என்று நான் சொல்ல, அப்படியே எழுதிக்கொண்டார்.

சந்தியாகுவுக்கும் அதே கப்பல். துணைக்கு ஆள் கிடைத்தது நல்லதாயிற்று என்று கோமளம் சொன்னாள். ஆவக்காய் போட்டு ஜாடியின் வாயைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு ஜாடி. நமக்கு எதற்கு இரண்டு என்று கேட்டேன். இரண்டாவதற்கும் முடிச்சுப் போட்டாள்.

17 ஏப்ரல், புதன்

சந்தியாகு வீட்டில் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கினோம். சட்டப் புத்தகங்களை எடுத்துக்கொள் என்றார். எனக்கு எதற்கு என்றேன். மொழி மறக்காமல் இருக்கும் என்றார். பழைய அங்கியை மட்டும் தானே மடித்துப் பெட்டியின் மேலே வைத்தார்.

“துலூஸில் இதை எங்கே போடப்போகிறாய்?”

“பாரீஸ்ல. அவனைக் கூட்டிட்டுப் போகணுமில்லையா.”

கொஞ்சம் கழித்து, கயிற்றை இறுக்கிக்கொண்டே சொன்னார்: “சிகா, அங்க போனா மட்டும் என்ன? அந்தக் கோர்ட்டு ஆளைக் கூப்பிட்டுக் கேட்காது. தள்ளினானா வழுக்கினாங்கிறதை எடுத்துக்கவே எடுத்துக்காது. கீழ்க்கோர்ட்டு சட்டப்படி நடந்துதான்னு காகிதத்தைப் பார்க்கும், அவ்வளவுதான். கட்டு இருந்தாலும், எடுத்தாலும், அவன் வாயைத் திறக்க அங்க இடமில்லை.”

“அவருக்குத் தெரியுமா?”

“நான் சொல்லலை.” முடிச்சுப் போட்டு முடித்தார். “நீயும் பேச்சுவாக்கில சொல்லிடாதே.”

22 ஏப்ரல், திங்கள்

ரயில் மூன்றரைக்கு. விழுப்புரத்தில் மாறி, தனுஷ்கோடி வழியாகக் கொழும்பு. ஸ்டேஷனில் பாதி ஊர் நின்றது. இந்த மாதம் முழுக்க இப்படித்தான், ரயிலுக்கு ரயில்.

செலினும் அத்தையும் கட்டிக்கொண்டு அழுதார்கள். கோமளம் ஆவக்காய் ஜாடியைச் சந்தியாகுவிடம் கொடுத்து, சாய்க்காமல் வைக்கச் சொன்னாள். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். எதிர்ச் சீட்டில் ராயப்பன், யாரோ கொடுத்த கம்பளிக் கோட்டைச் சித்திரை வெயிலில் முழுப் பொத்தானும் போட்டு அணிந்திருந்தார்.

ஜன்னல் வழியாகச் சந்தியாகுவிடம் கையை நீட்டினேன். கைகுலுக்கினோம். அவருடைய இடது காதுப் பக்கம் ஜன்னல் இருந்தது.

விசில் ஊதிய பிறகு ராயப்பன் கம்பிகளுக்கு நடுவே முகத்தைக் கொண்டுவந்தார்.

“முசே, ஒரு சந்தேகம். அங்க என் பேரைக் கூப்பிட்டா எழுந்து நின்னு சொல்லணுமா, உக்காந்துக்கினே சொல்லலாமா?”

வண்டி நகரத் தொடங்கியிருந்தது.

“நின்றுதான் சொல்லணும்,” என்றேன்.

“நிதானமாச் சொல்லு,” என்றார் சந்தியாகு, ஜாடியைப் பிடித்தபடி. “கடற்கரையில கத்தற மாதிரி கத்தாதே. அவங்களுக்குக் காது நல்லாக் கேட்கும்.”

ராயப்பன் சரி என்று தலையாட்டினார். உதடு அசைந்தது. சொல்லிப் பார்த்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.